உம்பட தண்ணி வேற, எங்க தண்ணி வேற

பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்பா ஈரோடு மஞ்சள் ஏலத்தில் அன்றைக்கு விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று பார்ப்பார். நான் ஆராய்ச்சி ஜர்னல் ஒன்றின் தளத்தைத் திறந்து, அங்கே அனுப்பிய என் ஆராய்ச்சிப் பேப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பேன். அவர் பார்ப்பதாவது தினமும் நூறு இருநூறு ஏறும், இறங்கும். என்னுடையது ‘வித் எடிட்டர்’, அதாவது எடிட்டர் கையில் இருக்கிறது, என்ற இரண்டு சொல்லிலேயே 41 நாள் அசையாமல் நின்றது.

“இன்னுமா கண்ணு அந்தாளு எடுத்துப் பாக்கல?” என்பார் அப்பா. எடிட்டர் என்றால் அவர் மனதில் மண்டிக்காரர் மாதிரி ஒருத்தர். மாதிரிக்கு ஒரு கை மஞ்சளை அள்ளி, முறித்துப் பார்த்துவிட்டு, விலை சொல்லாமல் வெற்றிலை போடுகிறவர். யோசித்தால் அது அவ்வளவு தப்பும் இல்லை.

பெருந்துறைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறேன். பகுதி நேர பிஎச்.டி. அந்தப் பேப்பர் போன மாதம்தான் வெளியானது. முதன்முதலில் அனுப்பிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் 19 மாதம், மூன்று ஜர்னல். “எப்படிப் போட்டீங்க, எவ்வளவு கட்டுனீங்க?” என்று தெரிந்தவர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான். கொடுமுடிப் பக்கம் மாமன் தோட்டத்தை அப்பா விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு ஓட்டுகிறார். மஞ்சள் வெட்டுக்கு முன்னால் தழையை அறுத்துப் போட்டுவிடுவார்கள். அது வரப்போரம் காய்ந்து கிடக்கும், கடைசியில் நெருப்பு வைப்பார்கள். அந்தத் தழையைக் காற்றுப் படாமல் சூடாக்கிக் கரியாக்கினால், அந்தக் கரி சாயத் தண்ணியிலிருந்து சாயத்தை உறிஞ்சுமா என்று பார்த்தேன்.

சாயத்தை ஏன் எடுத்தேன் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். வெள்ளியங்கிரியில் கிளம்புகிற நொய்யல், திருப்பூரைத் தாண்டி எங்கள் பக்கமாக வந்துதான் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்கு என்று 1992ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். கொஞ்ச வருடத்தில் அது சாயத் தண்ணி தேங்கும் தொட்டி ஆகிப்போனது. எங்கள் இரண்டு ஏக்கரும் உப்புப் பூத்துவிட்டது. நிலம் போனதும் அப்பா வேலை தேடிப் போன இடம் எது என்றால், அதே திருப்பூர்ச் சாயப்பட்டறை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்த வேலையும் போனது. நான் அப்போது பிளஸ் டூ. ஒரே தண்ணி ஒரு மனிதனை இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்து வளர்ந்தவள், வேறு எதில் ஆராய்ச்சி செய்வேன்?

இதற்கு முன்னால் நானும் ஒரு பேப்பர் ‘போட்டிருக்கிறேன்’. 2018ல், எம்.ஃபில். முடிக்கிற அவசரத்தில். மூவாயிரம் ரூபாய் கட்டினேன், நாலாம் நாள் ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது, கூடவே வண்ணத்தில் ஒரு சான்றிதழ். அதே துறைக்காரர்கள் படித்துக் குறை சொல்கிற ரெவ்யூ என்று ஒன்றும் வரவில்லை. ஒரு படத்தில் எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் இடம் மாறியிருந்ததை நானே ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருந்தது, முகவரி தேடினால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. அந்த ஜர்னல் பெயர் இங்கே வேண்டாம். என் பயோடேட்டாவிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

இது என் ஒருத்தி முட்டாள்தனம் இல்லை என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல். ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து ஒரு போலிக் கட்டுரை எழுதி, காசு வாங்கிப் போடுகிற ஜர்னல்கள் 304க்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. 2013ல் ‘சயின்ஸ்’ இதழில் அந்தக் கதை வந்தது. அவர் அனுப்பிய ஜர்னல்களில் மூன்றில் ஒரு பங்கு நம் நாட்டிலிருந்து நடந்தவை. ஆறுதல் அதோடு போய்விட்டது.

இந்தத் தடவை முறையாகச் செய்வது என்று முடிவு. முதல் ஜர்னல் ஒன்பதே நாளில் திருப்பி அனுப்பியது. ரெவ்யூவுக்கே போகவில்லை, எடிட்டர் மேசையோடு சரி. ‘எங்கள் எல்லைக்குள் வரவில்லை’ என்று ஒரு அச்சடித்த வரி. அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உண்மையில் ஒன்பது நாளில் ‘இல்லை’ என்று சொல்கிறவர்தான் நல்லவர் என்று இரண்டாவது ஜர்னலில் தெரிந்தது. அங்கே நாலரை மாதம் காக்க வைத்து, ஒரு ரெவ்யூவர் இரண்டு வரி எழுதி அனுப்பினார்: இது மாதிரிக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன, இதில் புதுசு என்ன?

கோபம் வந்தது. ஆனால் அந்தாள் சொன்னது நிஜம். நெல் உமி, கடலை ஓடு, தென்னை நார்த்தூள், வேப்பந்தழை, வாழைப்பழத் தோல். அடுப்பெரிக்க ஆகிற எதையும் விட்டுவைக்காமல் உலகம் முழுக்கக் கரியாக்கிச் சாயத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த வரிசையில் என் மஞ்சள் தழை இன்னொன்று.

மூன்றாவது ஜர்னலில்தான் அந்த 41 நாள். அப்புறம் ‘அண்டர் ரெவ்யூ’ என்று 97 நாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் லேப் நடந்துகொண்டிருக்கும்போது மெயில் வந்தது. மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய திருத்தம் செய்து திரும்ப அனுப்பச் சொல்லி, 60 நாள் தவணை. முதல் ரெவ்யூவர் நாலு குறிப்பு, எல்லாம் எழுத்துப் பிழை, படத்தில் அளவுகோல் இல்லை என்ற ரகம். இரண்டாவது ரெவ்யூவர் ஏழு குறிப்பு. மூன்றாவது குறிப்பைப் படித்தபோது பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏனென்று சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். தழை மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு அப்பா லேபுக்கு வந்திருந்தார். மேசையில் வரிசையாகச் சிவப்புக் குடுவைகள், ரியாக்டிவ் ரெட் சாயம், காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தது. வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். பட்டறை மாஸ்டர்கள் ஷேடு பார்ப்பது அப்படித்தான், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“ஏங்கண்ணு, இதுல உப்பு எங்க?”

“உப்பெல்லாம் போடலைங்ப்பா.”

“சோடா?”

“அதெல்லாம் இருந்தா கணக்குல இடைஞ்சல் பண்ணும். அதான் சுத்தமான தண்ணியில செய்யறது.”

குடுவையை இருந்த இடத்திலேயே வைத்தார். “டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு அறுவது, எம்பது கிராம் உப்புப் போட்டாத்தான் சாயம் துணிக்குப் போகும். அப்பறமாட்டு சோடா போட்டாத்தான் பிடிக்கும். கையை விட்டா வழவழன்னு இருக்கும் அந்தச் சாயத் தொட்டித் தண்ணி. அப்ப உம்பட தண்ணி வேற, எங்க தண்ணி வேற.”

நான் சிரித்துவிட்டு, டீ சாப்பிடக் கூட்டிப் போனேன்.

இப்போது பெயர் தெரியாத ஒருவர், எந்த நாடோ தெரியாது, மூன்றாவது குறிப்பில் அதையே எழுதியிருந்தார். ரியாக்டிவ் சாயக் கழிவு என்றால் அதில் உப்பு மிகுதியாக இருக்கும், காரத்தன்மை இருக்கும். நீங்கள் காய்ச்சி வடித்த தண்ணீரில், அமிலத்தில் சோதித்துவிட்டுச் ‘சாயக்கழிவுக்குத் தீர்வு’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். நிஜக் கழிவில் செய்து காட்டுங்கள் என்று. ரெவ்யூவருக்கு என் பெயர், கல்லூரி எல்லாம் தெரியும், அவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு அநியாயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மதியம் எனக்கு அவர் சென்னிமலைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தது.

அதற்காக நான் உடனே திருந்திவிடவில்லை. அன்று ராத்திரியே ஒரு பதில் எழுதினேன். ‘இந்த ஆய்வின் எல்லைக்கு அது அப்பாற்பட்டது’ என்ற வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றி மாற்றி எழுதிய பதில். அனுப்புவதற்கு முன்னால் எங்கள் துறையில் இருக்கிற கோபிக்கார அக்காவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இதை அப்படியே மடிச்சு வெச்சுட்டு ரெண்டு நாள் தூங்கு. அப்பறம் எழுதறதுதான் பதில்” என்றார். பிறகு அவரே லேப்டாப்பை இழுத்து ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். இடது பக்கம் ரெவ்யூவர் எழுதியது, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். வலது பக்கம் நம் பதில். பதிலுக்குக் கீழே, கட்டுரையில் எந்தப் பக்கம் எத்தனையாவது வரியில் மாற்றினோம் என்பதும், மாற்றிய வாக்கியமும். ரெவ்யூவர் கட்டுரையைத் தேடிக்கொண்டு போகக் கூடாது. பதிலைப் படித்தே முடிவெடுக்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. எந்தக் குறிப்பையும் தாண்டிப் போகக் கூடாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் காரணத்தோடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதலாம், ஆனால் ஏழில் ஒன்றுக்கு மேல் அதைச் செய்தால் ரிஜெக்ட்தான் என்றார். அது அவர் அனுபவக் கணக்கு, விதி ஒன்றும் இல்லை.

நிஜக் கழிவுக்கு எங்கே போவது? பட்டறைகள் இப்போது ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் ஓடுகின்றன. ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் வைத்துத் தண்ணீரையும் உப்பையும் மீட்கிறார்கள். வெளி ஆளுக்குக் கழிவு கொடுப்பது என்றால் யாருக்கும் பயம். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் இன்னும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார். அவர் முதலாளியிடம் பேசி, பட்டறைப் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் பிடித்துக் கொடுத்தார். சாயத் தொட்டியிலிருந்து இறக்கிய சூடு இன்னும் ஆறவில்லை.

அதைத் துணிப்பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஊத்துக்குளி தாண்டும்போது கண்டக்டர் பையைப் பார்த்தார். “இந்தப் பக்கம் ஏறுனா வெண்ணெய்தான் கொண்டுபோவாங்க. நீங்க என்னங்கம்மிணி, பீட்ரூட் சாறா?” என்றார். சாயத் தண்ணி என்றேன். ஒன்றும் சொல்லாமல் காலால் பையைக் கொஞ்சம் அக்கட்டால் தள்ளிவிட்டு டிக்கெட் கிழித்தார்.

முடிவு வந்தது. என் சுத்தமான தண்ணீரில் 94 சதவீதம் சாயத்தை எடுத்த கரி, அந்தக் கேன் தண்ணீரில் 31 சதவீதம்தான் எடுத்தது. உப்பு அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. தனியாகப் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் உதவிகூடச் செய்தது. கெடுத்தது காரம்தான். நான் பி.ஹெச். 3ல், அதாவது நல்ல அமிலத்தில் சோதித்திருந்தேன், கேனில் இருந்தது 10.8, நல்ல காரம். காரத்தில் கரியின் மேற்பரப்பு எதிர்மின் சுமை ஏறி நிற்கும், ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் சுமை உள்ளது. ஒன்றையொன்று தள்ளிவிடும். அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து செய்தபோது 52 வரை ஏறியது. அதற்கு மேல் என்ன செய்தும் ஏறவில்லை.

ஐந்தாவது குறிப்பு இன்னொரு அடி. கரி அதிகபட்சம் எவ்வளவு சாயம் பிடிக்கும் என்று கணக்குப் போடுகிற லாங்மியூர் சமன்பாட்டை நேர்கோடாக மாற்றிப் பொருத்தியிருந்தேன், எங்கள் பக்கம் எல்லோரும் எக்செலில் அப்படித்தான் செய்கிறோம். அப்படி மாற்றும்போது பிழைகளும் உருமாறிவிடும், வளைகோட்டாகவே பொருத்துங்கள் என்றார் ரெவ்யூவர். பொருத்தினேன். ஒரு கிராம் கரி 118 மில்லிகிராம் சாயம் பிடிக்கும் என்று பெருமையாக எழுதியிருந்த எண் 91 ஆனது.

தலைப்பிலிருந்து ‘தீர்வு’ போனது. சுருக்கத்திலிருந்து ‘மிகச் சிறந்த’, ‘மலிவான’ இரண்டும் போயின. நடுநிலையாக்கிய பிறகு, ஆர்.ஓ.வுக்கு முன்னால் ஒரு கட்டமாக வேண்டுமானால் பயன்படலாம் என்று எழுதினேன். 31ஐயும் ஒளிக்காமல் அட்டவணையில் போட்டேன். இத்தனை சுருங்கிய பேப்பரை யார் எடுப்பார்கள் என்று பயமாக இருந்தது. இரண்டாம் சுற்றில் அந்த ரெவ்யூவர் எழுதியது இரண்டே வரி. நிஜக் கழிவின் அட்டவணையைக் கட்டுரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அதுதான் இதில் புதுசு என்று.

காசு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். நான் ஒரு ரூபாய் கட்டவில்லை. பல நல்ல ஜர்னல்களில் இரண்டு வழி இருக்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி போட வேண்டுமானால் நாம் கட்டணம் கட்ட வேண்டும். நான் பார்த்த ஜர்னலில் அது 3,000 டாலருக்கு மேல், என் பல மாதச் சம்பளம். சந்தா கட்டுகிறவர்கள் மட்டும் படிக்கும் வழியில் போட்டால் எழுதுகிறவருக்குச் செலவில்லை. ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு பக்கம் வரும், அதில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் நகை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

செலவில்லாத வழிக்கு வேறு ஒரு விலை உண்டு. என் பேப்பரை என் கல்லூரியில் திறந்தால் காசு கேட்கிறது. பதிப்பகம் கொடுத்த 50 நாள் இலவச இணைப்பு வைத்துத்தான் நானே படித்தேன். மத்திய அரசே சந்தா கட்டி ஜர்னல்களைப் படிக்கக் கொடுக்கிற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஜர்னல்கள். அரசு நிறுவனங்களுக்குத்தான். சுயநிதிக் கல்லூரி வாத்தியார்கள் இன்னும் தெரிந்தவர்களிடம் பிடிஎஃப் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

எந்த ஜர்னல் நல்லது என்று கண்டுபிடிப்பதும் இப்போது நம் தலையில்தான். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நம்பலாம் என்று வைத்திருந்த ஜர்னல்களின் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஜர்னல்களையும் கட்டுரைகளையும் தொகுத்து வைக்கிற ஸ்கோபஸ் தளத்தில் இருக்கிறதா என்று ஜர்னல் பக்கத்தில் ஒட்டியிருக்கிற லோகோவைப் பார்த்து நம்பாதீர்கள், ஸ்கோபஸ் தளத்துக்கே போய்த் தேடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்தி வசூலிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்கோபஸில் இருப்பதாலேயே யோக்கியம் என்றும் இல்லை. 2023ல் ஹிண்டாவி பதிப்பகம் ஒன்று மட்டும் 8,000க்கு மேல் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. நான் செய்வது இதுதான்: அந்த ஜர்னலில் போன வருடம் வந்த கட்டுரைகளில் நாலைந்தை முழுக்கப் படிப்பேன். படிக்கிறபோதே எனக்குக் கூச்சமாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

இப்போது ரெவ்யூ செய்யச் சொல்லி எனக்கும் மெயில் வருகிறது. சம்பளம் கிடையாது. முதலில் வந்த கட்டுரையில் ‘ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ என்று இருந்தது. கள்ள நோட்டு மாதிரி கள்ளப் பிரக்ஞை. காப்பி அடித்தது மென்பொருளில் சிக்காமல் இருக்க, சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுகிற கருவி செய்கிற வேலை இது. கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக்காரரும் கூட்டாளிகளும் 2021ல் இந்த மாதிரிச் சொற்களைப் பட்டியல் போட்டுக் காட்டினார்கள். மார்பகப் புற்றுநோயை ‘போசம் பெரில்’ (மார்பு ஆபத்து) என்று எழுதிய கட்டுரைகள்கூட உண்டு. எடிட்டருக்கு எழுதி அனுப்பிவிட்டு, அன்று ராத்திரி அந்தக் கட்டுரை எழுதிய ஆளை நினைத்துக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நாலு நாள் சான்றிதழ் காலத்தில் எனக்கும் அந்தக் கருவி கிடைத்திருந்தால்?

பிஎச்.டி. கொடுக்கப் பேப்பர் கட்டாயமில்லை என்று யுஜிசி 2022லேயே விதியை மாற்றிவிட்டது. ஆனால் கல்லூரிகளில் வருடக் கடைசியில் தலைக்கு எத்தனை என்று எண்ணுவது நிற்கவில்லை. என் பேப்பர் ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி பரவியதும், கரியை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத இரண்டு பேரை ஆத்தராகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். யார் என்று எழுத மாட்டேன். ஏற்றுக்கொண்ட பிறகு பெயர் சேர்த்தால் ஜர்னல் காரணம் கேட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் என்று சொல்லித் தப்பித்தேன். அது உண்மையும்கூட. அப்பாவை ஆத்தராகப் போடலாமா என்று கைடிடம் கேட்டேன். கேள்வி மட்டும் கேட்டால் ஆத்தர் ஆக முடியாது என்றார். அது சரிதான். நன்றி சொல்லும் பத்தியில், சாயமேற்றும் தொழிலில் நீண்ட நாள் இருந்த ஒருவரின் கேள்விக்கு நன்றி என்று போட்டேன்.

அச்சுக்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லி புரூஃப் வந்தபோது முதல் கேள்வியே பெயர் பற்றி. உங்கள் பெயரில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று உறுதி செய்யுங்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டேன். கட்டத்தைக் காலியாக விட்டால் தளம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. அதனால் கட்டுரையில் என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பா பெயர் முழுசாக நிற்கிறது. யாராவது மேற்கோள் காட்டினால் அப்பா பெயரும், ‘மற்றும் பலர்’ என்பதும்தான் வரும். அந்தப் பலரில்தான் கைடு இருக்கிறார்.

திண்ணையில் போனைக் கொடுத்துக் காட்டினேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, தன் பெயர் மட்டும் அடையாளம் தெரியும். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, விரலால் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். ஷேடு பார்க்கிற அதே ஒற்றைக் கண்.

“கண்ணு, இது பி.எஃப். புக்குல இருக்கற மாதிரி இல்லையே. கடைசீல ஒரு எழுத்துக் கொறையுது. பின்னால ஏதாச்சும் வில்லங்கம் வருமா?”

வராதுங்ப்பா என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. “எதுக்கும் எழுதிக் கேளு” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரலி விலை பார்க்கப் போய்விட்டார்.